உடைப்பதற்கு முன்

அம்மி கொத்துகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வந்த காலம் ஒன்று இருந்தது. உளியும் சுத்தியலும் ஒரு சாக்குப்பையுமாக வருவார். வழுவழுத்துப்போன அம்மியின் மேல் புள்ளி புள்ளியாகக் கொத்தி, மிளகாயும் மஞ்சளும் மறுபடி பிடிக்கும்படி செய்துவிட்டுப் போவார். அவர் கையில் இருந்தது கூலித் தொழில்தான். ஆனால் அந்தத் தொழிலுக்கு அடியில் கனிமவியலின் முதல் பாடம் இருந்தது. அம்மிக் கல் ஒரே பொருளால் ஆனதில்லை. குவார்ட்ஸ் இருக்கிறது, பெல்ஸ்பார் இருக்கிறது, கருமையான வேறு சில மணிகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கடினமும் வேறு, தேயும் வேகமும் வேறு. மென்மையானது முதலில் குழிகிறது, கடினமானது நிமிர்ந்து நிற்கிறது. அந்த மேடுபள்ளம்தான் அரைக்கிறது. அதுவும் தேய்ந்து மழுங்கும்போது உளி வேண்டியிருக்கிறது. சலவைக்கல்லில் யாரும் ஏன் அம்மி செய்யவில்லை என்பதற்கும் இதுவே விடை. அது கால்சைட் என்னும் ஒரே கனிமம், மென்மையானது, புளி பட்டாலே அரிக்கும்.

அம்மி பாறை; அதற்குள் மின்னும் ஒவ்வொரு மணியும் கனிமம். கனிமம் என்று ஒன்றைச் சொல்வதற்கு நிபந்தனைகள் உண்டு. அது இயற்கையில் தானே உருவாகியிருக்க வேண்டும், திண்மமாக இருக்க வேண்டும், அதன் வேதிச் சேர்க்கை ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும், அணுக்கள் ஒழுங்கான வரிசையில் அமைந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கில் சமையல் உப்பு கனிமம். இமயத்தில் உறைந்து கிடக்கும் பனிக்கட்டியும் கனிமம். சட்டம் கனிமம் என்று பட்டியலிடும் நெய்வேலி நிலக்கரி மட்டும் கறாரான பொருளில் கனிமம் ஆகாது. அது மக்கிய தாவரம். அதற்குள் அணு வரிசை கிடையாது.

உலகில் இதுவரை அடையாளம் காணப்பட்டிருக்கும் கனிமங்கள் சுமார் 6000. ஆனால் நாம் மிதித்து நடக்கும் பாறைகளில் பெரும்பாலானவற்றை ஆக்கியிருப்பவை சில டஜன் கனிமங்கள்தாம். புவியோட்டின் எடையில் 98 சதவீதத்துக்கு எட்டே தனிமங்கள் பொறுப்பு. அவற்றில் முதலிடம் ஆக்ஸிஜனுக்கு, ஏறக்குறைய 46 சதவீதம். அடுத்தது சிலிக்கன், 28 சதவீதம். காற்றில் இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஆக்ஸிஜன் காலடிக் கல்லில்தான் நிரம்பிக் கிடக்கிறது. ஒரு சிலிக்கனைச் சுற்றி நான்கு ஆக்ஸிஜன்: இந்த நான்முகிதான் பெரும்பாலான பாறைகளின் அடிப்படைக் கட்டு. அது தனித்தனியாக நின்றால் ஆலிவின், சங்கிலியாகக் கோத்தால் பைராக்ஸீன், தாளாக விரிந்தால் மைக்கா, முப்பரிமாணத்திலும் பின்னிக்கொண்டால் குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும். சிறுவர்கள் காக்காப்பொன் என்று பொறுக்கி, ஏடு ஏடாக உரித்துப் பார்க்கிறார்களே, அது மைக்கா. தாள்களுக்கு நடுவில் பிணைப்பு பலவீனமானது என்பதால் அது உரிகிறது. அணுவின் அமைப்பை நகத்தால் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு வேறு எந்தப் பொருளிலும் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

1812-ல் பிரெடெரிக் மோஸ் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தி ஒரு கடின அளவுகோல் தந்தார். எது எதைக் கீறும் என்பது மட்டுமே அதன் விதி. அடியில் டால்க், உச்சியில் வைரம். பழைய தமிழ்ச் சமையலறையில் அந்த வரிசையின் கணிசமான பகுதி அடுக்கப்பட்டிருந்தது. கல்சட்டி செய்யும் மாக்கல்லில் பெருமளவு இருப்பது டால்க், எண் 1, நகம் பட்டாலே கீறல் விழும். அதனால்தான் அதைக் கடைசலில் கடைந்து சட்டியாக்க முடிகிறது. அதனால்தான் புதுச் சட்டியை நாள்கணக்கில் கஞ்சியும் எண்ணெயும் விட்டுப் பழக்கிய பிறகே அடுப்பில் ஏற்றுகிறார்கள். அம்மியில் உள்ள பெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. அரிவாள்மனையின் இரும்பு இரண்டு எல்லைகளுக்கும் இடையில் நிற்கிறது. இரும்பு குவார்ட்ஸைக் கீறாது என்றால் மாமல்லபுரத்துச் சிற்பி உளியால் என்ன செய்கிறார்? அவர் கல்லை வெட்டுவதில்லை. மணிகளுக்கு இடையிலான பிடிப்பைத் தட்டித் தட்டி நொறுக்குகிறார். உளிமுனை விரைவில் மழுங்குகிறது. அங்குள்ள சிற்பக் கூடங்களுக்கு உளி காய்ச்சும் உலை இன்றியமையாததாக இருப்பது இதனால்தான்.

கல்லைத் தட்டிக் கேட்கும் வழக்கமும் ஸ்தபதிகளிடம் உண்டு. கணீரென்று மணியோசை எழுந்தால் ஆண் கல், தாளம் போல ஒலித்தால் பெண் கல், ஓசை எழாதது மூன்றாம் வகை. மூலவருக்கு ஒன்று, அம்மனுக்கு ஒன்று, பீடத்துக்கு ஒன்று என்று பிரிப்பார்கள். உள்ளே விரிசல் ஓடியிருந்தால் அதிர்வு அங்கேயே அடங்கிவிடும் என்பது இயற்பியல். அவர்கள் அதைச் சாத்திரமாகச் சொன்னார்கள். கல்லின் மேல் வேலை செய்தவர்களுக்குக் கல்லின் குணம் தெரிந்திருந்தது. ஆனால் அந்தக் குணம் கல்லுக்கு எப்படி வந்தது, எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவர்களுடைய தொழிலுக்குத் தேவைப்படவில்லை. அந்தக் கேள்வி எழுந்தபோது அதற்கு விடை சொன்ன கல் சென்னைக்கு அருகிலேயே இருந்தது.

பல்லாவரம். புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று அங்கே செம்பூராங்கல் சரளையில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கோடரியிலிருந்துதான் தொடங்குகிறது. அதே ஆண்டு அவர் கண்ட அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் மிகப் பழையவை 15 லட்சம் ஆண்டுக்கு முற்பட்டவை என்று 2011-ல் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அறிவித்தார்கள். அந்தக் கருவிகள் குவார்ட்சைட்டால் ஆனவை. மணல் இறுகி மணற்கல்லாகி, பின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மணிக்கு மணி ஒட்டிக்கொண்டது குவார்ட்சைட். அது உடையும்போது மணிகளைச் சுற்றிப் போகாமல் மணிகளையே ஊடறுத்து உடைகிறது; விளிம்பு கூர்மையாக வருகிறது. பல்லாவரம் குன்றின் சொந்தக் கல்லை உடைத்தால் அப்படி ஒரு விளிம்பு கிடைக்காது. எந்தக் கல் எப்படி உடையும் என்று தெரிந்து தேர்ந்தெடுத்த அந்தக் கைகளைத்தான் இந்த மண்ணின் முதல் கனிம அறிஞர்கள் என்று நான் சொல்வேன். அவர்கள் நம் இனத்தைச் சேர்ந்த மனிதர்கள்கூட இல்லை, நமக்கு முந்தியவர்கள்.

பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் சொந்தக் கல் வேறு கதை. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னக் 1693-ல் இறந்தார். அவருடைய கல்லறைப் பலகை அங்குள்ள புனித ஜான் ஆலய வளாகத்தில் இருக்கிறது. அதன் கல் வங்காளத்துக் கல் இல்லை. சென்னைப் பக்கத்திலிருந்து கடல்வழி போனது. புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பலகையை ஆராய்ந்து 1893-ல் கட்டுரை எழுதினார். இறந்தவர் நினைவாக அந்தப் பாறை வகைக்கு சார்னோக்கைட் என்று பெயரிட்டார். இன்று அன்டார்க்டிகாவிலோ நார்வேயிலோ அதே வகைப் பாறையைக் காண்பவர்களும் இந்தப் பெயரைத்தான் எழுதுகிறார்கள். உலகப் பாறையியலில் ஒரு மூலமாதிரிக்கு முகவரி பல்லாவரம்.

சார்னோக்கைட் பார்வைக்கு நீலமும் பச்சையும் கலந்த கருஞ்சாம்பல். உடைத்த பரப்பில் எண்ணெய் தடவியது போல ஒரு மினுக்கு. குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் கிரானைட்டில் இருப்பது போலவே இதிலும் உண்டு. வேறுபாடு மூன்றாவது கனிமத்தில். சாதாரண கிரானைட்டில் மைக்கா இருக்கும் இடத்தில் இதில் ஹைபர்ஸ்தீன் என்ற பைராக்ஸீன் இருக்கிறது. சிறிய வேறுபாடாகத் தெரியும். ஆனால் பாறையின் வாழ்க்கை வரலாறு அதில்தான் இருக்கிறது. மைக்காவின் படிகத்துக்குள் நீரின் கூறு உண்டு, ஹைபர்ஸ்தீனில் கிடையாது. மைக்கா சிதைந்து ஹைபர்ஸ்தீன் ஆக வேண்டுமென்றால் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமும் நீர் மிகக் குறைந்த சூழலும் தேவை. புவியோட்டின் அடிப்பகுதியில், 20 கிலோமீட்டரும் அதற்கு மேலும் ஆழத்தில், அத்தகைய சூழல் உண்டு. பரங்கிமலையில் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும் கல் அங்கே உருவானது. வயது சுமார் 250 கோடி ஆண்டு.

அப்படியானால் அதன் மேல் இருந்த 20 கிலோமீட்டர் பாறை எங்கே? அரிப்புண்டு போய்விட்டது. மழையும் ஆறும் காற்றும் வாரிக்கொண்டு போய் எங்கெங்கோ கடல்களில் கொட்டிவிட்டன. சிறிது சிறிதாக அடிக் கல் மேலே வந்தது. வரும் வழியில் நீர் இல்லாததால் அதன் கனிமங்கள் பெரிதாக மாறவில்லை. ஆழத்தில் பெற்ற உருவத்தோடே வந்து சேர்ந்தன. புவியோட்டில் மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது; அதுவே 12 கிலோமீட்டரைச் சற்றுத்தான் தாண்டியது. அதைவிட ஆழத்துச் சரக்கு மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு எதிரே கிடக்கிறது.

இந்தப் பாறை எப்படி உருவாகிறது என்பது நீண்ட விவாதம். உருகிய குழம்பு குளிர்ந்து வந்தது என்றார் ஹாலண்ட். ஏற்கெனவே இருந்த பாறை வெப்பத்தில் உருமாறியது என்றார்கள் பின்வந்தவர்கள். 1960-ல் சி. எஸ். பிச்சமுத்து கர்நாடகத்தின் கப்பல்துர்காவில், சாம்பல் நிற நைஸ் பாறையின் நடுவே திட்டுத்திட்டாகப் பச்சை கலந்த கருமை படர்ந்திருப்பதைக் காட்டினார். ஒரே கல்லின் ஒரு பகுதி சார்னோக்கைட்டாக மாறியும் மறுபகுதி மாறாமலும் நின்றது. உருமாற்றம் பாதியில் நின்றுபோன சாட்சி அது. இன்று இரண்டு வழிகளும் உண்டு என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு குவாரிச் சுவரில் சாம்பல் எங்கே முடிகிறது, பச்சை எங்கே தொடங்குகிறது என்று பொறுமையாகப் பார்த்த கண்ணிலிருந்து அந்தத் தெளிவு வந்தது.

தமிழகத்தின் வடபகுதிப் பாறைகள் 250 கோடி ஆண்டைக் காட்டுகின்றன. மதுரைக்குத் தெற்கே போகப் போக 55 கோடி ஆண்டுக்கு முந்தைய இன்னொரு பெருவெப்பத்தின் தடம் வலுவாகிறது. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலம் அது. இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு அன்டார்க்டிகா ஆகியவற்றின் பாறைகளிலும் அதே கால முத்திரை இருக்கிறது. குமரிக்குத் தெற்கே மூழ்கிய நிலம் ஒன்றைத் தேடி நம்மவர்கள் எழுதியவை ஏராளம். கல் தரும் சான்று வேறு மாதிரியானது. நிலம் மூழ்கவில்லை, பிரிந்து போனது. பிரிந்த துண்டுகளை இன்றும் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டலாம்.

இத்தனை பெரிய எண்களை எப்படி நம்புவது? சிர்கான் என்ற பொடிக் கனிமம் பதில் சொல்கிறது. அது படிகமாகும்போது யுரேனியத்தைச் சிறிதளவு ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை ஏற்காது. யுரேனியம் மாறாத வேகத்தில் ஈயமாகச் சிதையும். யுரேனியம் 238-ல் பாதி சிதைவதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டு பிடிக்கும். ஆகவே சிர்கானுக்குள் இன்று ஈயம் இருந்தால் அதில் மிகப் பெரும்பகுதி உள்ளேயே பிறந்தது. இரண்டின் விகிதம் அதன் வயது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த ஒரு சிர்கான் மணி 440 கோடி ஆண்டு பழையது. அதைப் பெற்ற பாறை அழிந்துவிட்டது, மணி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பாறை அழியும் விதத்தையும் சொல்ல வேண்டும். ஆழத்தில் நிலைத்திருந்த கனிமங்களில் பல மேற்பரப்பின் காற்றுக்கும் நீருக்கும் தாங்காதவை. கரியமில வாயு கரைந்த மழைநீர் பெல்ஸ்பாரை மெல்ல மெல்லக் களிமண்ணாக்குகிறது. குவார்ட்ஸ் கரையாமல் மணலாக உதிர்கிறது. குயவர் சக்கரத்தில் ஏறும் களிமண்ணும் கொத்தனார் சலிக்கும் ஆற்று மணலும் ஒரே பாறையின் இரண்டு பாகங்கள். வண்டல் கடலுக்குப் போகிறது. மெரினாவில் நாம் உட்கார்ந்திருப்பது பெருமளவு குவார்ட்ஸ். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் அலை வேறொரு வேலையும் செய்கிறது. முறத்தில் புடைப்பது போல எடை குறைந்த குவார்ட்ஸை வாரிக்கொண்டு போய், எடை மிகுந்த இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் ஆகியவற்றைக் கரையிலேயே விட்டுச் செல்கிறது. கறுப்பும் சிவப்புமாக அங்கே படிந்திருப்பது மலையின் அடியிலிருந்து வந்த சரக்கு. மோனசைட்டில் தோரியம் உண்டு. அதனால் அந்த மணல் அரசின் கண்காணிப்புக்குள் இருக்கிறது.

அதே வண்டல் சில இடங்களில் மறுபடி கல்லானது. அரியலூரில் இன்று சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல், டைனோசர்கள் உலவிய கிரெட்டேசியஸ் காலத்துக் கடலின் அடித்தளம். அம்மோனைட் சுருள்கள் அதில் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு முழு மரமே கல்லாகிக் கிடக்கிறது. மரத்தின் திசுக்களை நீரில் கரைந்து வந்த சிலிக்கா அணு அணுவாக நிரப்பியதன் விளைவு. அதை 1940-ல் உலகுக்கு அறிவித்த எம். எஸ். கிருஷ்ணன் பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனார்.

குழம்பு குளிரும்போது கடைசியில் மிஞ்சுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு, அவற்றின் படிகத்துக்குள் பொருந்தாத பெரிலியம், லித்தியம், போரான் போன்றவை மிச்சக் குழம்பில் சேர்கின்றன. அது விரிசல்களில் நுழைந்து பெரும் படிகங்களாக உறைவதுதான் பெக்மடைட். காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்த நீலப்பச்சைப் பெரில் அப்படி வந்தது. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் பெரிலும் குவார்ட்ஸும் சூதுபவளமும் பட்டை தீட்டி மணிகளாக்கிய பட்டறைகள் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்து அணிகலனுக்குப் பெயர்பெற்றதாகச் சொல்லும் கொடுமணம் இந்த ஊரே என்பது ஆய்வாளர் கருத்து. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் வெளுத்த அனார்த்தோசைட்டோ நிலவின் மேட்டுநிலப் பாறைக்கு ஒப்பானது. சந்திரயான் 2-க்கான சோதனைகளுக்கு நிலவு மண் தேவைப்பட்டபோது இஸ்ரோ அந்தக் கல்லை அரைத்துத்தான் செயற்கை மண் செய்தது.

இத்தனையும் சொன்ன பிறகு நம் நாட்டில் இந்தக் கல்லுக்குக் கிடைத்திருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். 1957-ன் சுரங்கச் சட்டத்தில் கட்டடக் கல், சரளை, சாதாரண மணல், சாதாரணக் களிமண் எல்லாம் சிறுகனிமம். சார்னோக்கைட் அந்தப் பட்டியலில் கட்டடக் கல்லாகத்தான் வருகிறது. குத்தகை, வெடி, கிரஷர், டிப்பர் லாரி. முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, இப்போது எம்-சாண்ட். ஆற்று மணலை அள்ளித் தீர்த்தோம். மலையை அரைத்து மணல் செய்கிறோம். இயற்கை கோடி ஆண்டுகளில் செய்ததைக் கிரஷர் ஒரு ஷிப்டில் செய்கிறது. திரிசூலம், பல்லாவரம் பகுதியில் மூலமாதிரிக் குன்றின் பெரும்பகுதி அப்படித்தான் போயிற்று. மிஞ்சியவை நீர் தேங்கிய பள்ளங்கள். பரங்கிமலையில் ஒரு துண்டு தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதைத் தேடிப் போகிறவர்கள் மிகச் சிலர்.

கல்லே உடைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இதை எழுதும் வீட்டின் தரையும் கூரையும் அதே ஜல்லிதான். மகேந்திரவர்மன் காலத்திலிருந்து நாம் கல்லைக் குடைந்தும் உடைத்தும்தான் வாழ்ந்திருக்கிறோம். கேள்வி வேறு: உடைக்கும் முன் படித்தோமா? மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிக் குன்றுகளில் சமணர் படுக்கைகள் உண்டு, தமிழி எழுத்து உண்டு, பாண்டியர் குடைவரை உண்டு. 2022-ல் அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. பின்னர் அப்பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் போனபோது மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. எழுத்து பொறித்த கல்லைக் காக்க நமக்குத் தெரிந்திருக்கிறது. எழுத்தில்லாத கல்லுக்கு அந்தக் கூட்டம் சேராது. மனிதன் பொறித்த இரண்டாயிரம் ஆண்டு வரியைப் படிக்கக் கற்றுக்கொண்டோம். கனிமங்கள் பொறித்த 250 கோடி ஆண்டு வரியைப் பள்ளியில் ஒரு பக்கத்தில் முடித்துவிடுகிறோம். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூன்று பெயர்களை மனப்பாடம் செய்த மாணவருக்கு, தன் ஊர்க் குன்று அவற்றில் எது என்று தெரியாது.

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். குத்தகை உத்தரவோடு இரண்டு பக்கக் குறிப்பைக் கட்டாயமாக்கலாம்: என்ன பாறை, என்ன கனிமங்கள், என்ன வயது, எந்தத் திசையில் அடுக்கு. ஒரு முழம் மாதிரிக் கல்லை மாவட்ட அருங்காட்சியகத்தில் வைக்கலாம். வேலை முடிந்த குவாரிகளில் பாதுகாப்பான ஒரு சுவரை மாணவர் பார்வைக்கு விட்டுவைக்கலாம். புத்தகத்தில் எந்தப் படமும் காட்ட முடியாத வெட்டுமுகம் அது.

வாசகருக்கும் ஒரு வேலை உண்டு. பக்கத்தில் எங்காவது வீடு கட்டுகிறார்கள் என்றால் வாசலில் ஜல்லி கொட்டியிருக்கும். ஒன்றை எடுத்துக் கழுவி, ஈரத்தோடு வெயிலில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி போல உடைந்து ஒழுங்கற்று நிற்பது குவார்ட்ஸ். தட்டையான முகம் காட்டிப் பளிச்சென்று வெயிலைத் திருப்புவது பெல்ஸ்பார். இடையில் கருமையான மணி இருந்தால் ஊசியால் நெம்புங்கள். ஏடாக உரிந்தால் மைக்கா. உரியாமல் பழுப்புப் பச்சையாக முரண்டு பிடித்தால் பெரும்பாலும் பைராக்ஸீன், நீங்கள் வைத்திருப்பது சார்னோக்கைட்டாக இருக்கக்கூடும். சிவப்பு மணி தெரிந்தால் கார்னெட். இதற்குப் பட்டம் வேண்டாம், கருவி வேண்டாம். கான்கிரீட் போட்ட பிறகு பார்க்க முடியாது.